செல்களை ஒட்டும் பசை: ஒரு புரதமும் ஒரு மாவோரி குடும்பமும்

புற்றுநோய் என்றால் என்ன என்று கேட்டால், "செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுவது" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் பதில் சொல்வோம். பள்ளிப் புத்தகத்தில் படித்ததும் அதுதான். தவறில்லை, ஆனால் பாதிக் கதைதான். ஒரே இடத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் கட்டியைப் பெரும்பாலும் அறுத்து எடுத்துவிடலாம். ஆளைக் கொல்வது பெரும்பாலான சமயம் முதல் கட்டி அல்ல. அதிலிருந்து பிரிந்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய்க் குடியேறும் செல்கள்தான்.

அப்படியானால் அந்தச் செல் ஏன் பிரிந்து போகிறது? இதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேட்டால் இன்னும் சுவாரஸ்யமாக இருக்கும். மற்ற செல்கள் எல்லாம் ஏன் பிரிந்து போகாமல் இருக்கின்றன? நம் உடம்பில் லட்சம் கோடிக் கணக்கில் செல்கள் இருக்கின்றன. நாம் ஏன் மணல் மேடு சரிவதுபோல் சரிந்து விழுவதில்லை?

நான் படிப்பது வணிகவியல். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்கவில்லை. அதனால் இதைப் பாடமாக இல்லாமல் வரலாறாகத்தான் சொல்லப் போகிறேன். நியூசிலாந்தில் ஒரு குடும்பம் இந்தக் கதையின் கடைசியில் வரும். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அவர்கள்தான்.

சல்லடையில் தேய்த்த கடற்பஞ்சு

1907-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி வான் பீட்டர்ஸ் வில்சன் ஒரு வினோதமான சோதனை செய்தார். உயிருள்ள கடற்பஞ்சை நெருக்கமான பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். கடற்பஞ்சு ஒரு விலங்கு. துணியின் மறுபக்கம் தனித்தனிச் செல்களாகத் தண்ணீரில் விழுந்தது. இத்தோடு கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? முடியவில்லை. அந்தச் செல்கள் ஊர்ந்து போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மறுபடியும் சின்னச் சின்னக் கடற்பஞ்சுகளாக மாறின!

செல்கள் சும்மா பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதில்லை, அவை தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன என்பது அன்று தெரிந்தது. 1955-இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இருவர் தவளை இனங்களின் கருவில் இதைவிட ஒருபடி மேலே போனார்கள். தோலாக வேண்டிய செல்களையும் நரம்பாக வேண்டிய செல்களையும் பிரித்து ஒன்றாகக் கலந்து விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கலவை தானாகவே பிரிந்தது. தோல் செல்கள் வெளியே ஒன்று சேர்ந்தன, நரம்புச் செல்கள் உள்ளே ஒன்று சேர்ந்தன. கல்யாணக் கூட்டத்தில் தொலைந்த குழந்தை தன் வீட்டாரைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வது போல, ஒவ்வொரு செல்லும் தன் வகையைத் தேடிப் போயிருந்தது.

ஊசியால் இழுத்துப் பார்த்தவர்

இந்த இரண்டு சோதனைகளுக்கும் நடுவில், 1944-இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேல் கோமன் ஒரு காரியம் செய்தார். நுண்ணோக்கியின் கீழே இரண்டு ஊசிகளை வைத்து, ஒட்டியிருக்கும் ஒரு ஜோடிச் செல்களை இழுத்துப் பிரித்தார். மெல்லிய ஊசி எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அர்த்தம். சாதாரணச் செல்களைப் பிரிக்க ஊசி நன்றாக வளைய வேண்டியிருந்தது. புற்றுநோய்ச் செல்களோ லேசாக இழுத்தாலே பிரிந்து வந்தன.

புற்றுநோய் பரவுவதற்கு ஒட்டும் தன்மை குறைவதே காரணமாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இப்படி ஒரு அளவீடு கிடைத்தது. கால்சியத்தை எடுத்துவிட்டால் சாதாரணச் செல்களின் பிடியும் தளர்கிறது என்பதை அவரது குழுவினர் அடுத்த சில ஆண்டுகளில் கவனித்தார்கள். கால்சியத்தை நாம் சுண்ணாம்புச் சத்து என்கிறோம். சுவரில் செங்கல்லைப் பிடித்து வைத்திருப்பதும் ஒரு காலத்தில் சுண்ணாம்புதானே!

ஆனால் அந்தப் பசை எது? செல்லின் மேல் என்ன பொருள் இருக்கிறது? அது அப்போது யாருக்கும் தெரியாது. பதில் கிடைக்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பால்டிமோரில் ஒட்டாத செல்கள்

ஜப்பானின் கியோட்டோவில் மசதோஷி தகெய்ச்சி என்ற இளம் ஆய்வாளர் செல்கள் ஒட்டுவதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். திசுவைத் தனிச் செல்களாகப் பிரிக்க டிரிப்சின் என்ற நொதியைப் பயன்படுத்துவது வழக்கம். புரதங்களை வெட்டும் நொதி அது. பிரித்த செல்களைக் குலுக்கினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். 1970-களில் அவர் அமெரிக்காவில் பால்டிமோரில் உள்ள கார்னெகி நிறுவனத்துக்குப் போய் அதே சோதனையைச் செய்தார். அங்கே செல்கள் ஒட்டவில்லை.

நாமாக இருந்தால் "ஏதோ தப்பு நடந்துவிட்டது" என்று கொட்டிவிட்டு வேறு வேலை பார்த்திருப்போம். அவர் காரணத்தைத் தேடினார். பால்டிமோர் ஆய்வகத்தின் டிரிப்சின் கரைசலில் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளும் கலந்திருந்தது. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம். கியோட்டோவில் அதைச் சேர்ப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அவர் யோசித்தது இப்படி. செல்லின் மேல் ஒட்டுவதற்கான ஒரு புரதம் இருக்க வேண்டும். கால்சியம் இருக்கும்போது அது விறைப்பாக இருக்கிறது, டிரிப்சினால் வெட்ட முடிவதில்லை. கால்சியம் போய்விட்டால் பாதுகாப்பு போய்விடுகிறது, நொதி அதை வெட்டிவிடுகிறது. 1977-இல் இதை வெளியிட்டார். 1984-இல் அந்தப் புரதத்துக்கு "கேட்ஹெரின்" என்று பெயர் வைத்தார்கள். கால்சியத்தைச் சார்ந்து ஒட்டுவது என்ற பொருளில் அமைந்த பெயர்.

இதே சமயத்தில் பாரிஸில் பிரான்சுவா ஜக்கோபின் ஆய்வகமும், நியூயார்க்கில் ஜெரால்ட் எடெல்மனின் ஆய்வகமும் தனித்தனியாக இதே மாதிரிப் புரதத்தைக் கண்டுபிடித்து வேறு வேறு பெயர்கள் வைத்திருந்தன. எல்லாம் ஒரே சரக்கு என்று பின்னால்தான் தெரிந்தது. தோல், குடல், இரைப்பை, மார்பகம் போன்றவற்றின் மேல்படலச் செல்களை ஒட்டுவது ஈ-கேட்ஹெரின். நரம்புச் செல்களுக்கு இன்னொரு வகை. டவுன்ஸும் ஹோல்ட்ஃப்ரெட்டரும் பார்த்த "தன் வகையைத் தேடிப் போகும்" பழக்கத்துக்கு இதில் ஒரு விளக்கம் கிடைத்தது. ஒரே வகை கேட்ஹெரின் உள்ள செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

1987-இல் தகெய்ச்சியின் குழு கடைசி ஆணியை அடித்தது. ஒட்டவே ஒட்டாத ஒரு வகைச் செல்லுக்குள் ஈ-கேட்ஹெரின் மரபணுவைப் புகுத்தினார்கள். அந்தச் செல்கள் ஒட்ட ஆரம்பித்தன.

பசை போனால் என்ன ஆகும்?

அடுத்த கேள்வி நமக்கே தோன்றும். புற்றுநோயில் இந்தப் பசை குறைகிறதா?

1991-இல் டோக்கியோ தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் இரைப்பைப் புற்றுநோய்த் திசுக்களில் ஈ-கேட்ஹெரினைச் சாயமிட்டுப் பார்த்து வெளியிட்டார்கள். இரைப்பைப் புற்றுநோயில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. 1965-இல் ஃபின்லாந்தின் பெக்கா லாரென் பிரித்தது. ஒன்று குடல் சுரப்பி போல் அமைப்பாகக் கூடி வளர்வது. மற்றது பரவல் வகை, செல்கள் ஒவ்வொன்றாகச் சிதறி இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவுவது. இந்தச் சிதறும் வகையில்தான் பசை கெட்டிருந்தது. அதே ஆண்டு ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் இரண்டு குழுக்கள் ஆய்வகத்தில் இன்னொன்றைக் காட்டின. பசை இழந்த செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுகின்றன, ஈ-கேட்ஹெரினைத் திரும்பக் கொடுத்தால் ஊடுருவல் நிற்கிறது.

பிறகு மரபணுவையே படித்துப் பார்த்தார்கள். 1994-இல் மியூனிக் குழு பரவல் வகை இரைப்பைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் ஈ-கேட்ஹெரின் மரபணு உடைந்திருப்பதைக் கண்டது. 1995-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரக் குழு மார்பகப் புற்றுநோயில் தேடியது. நாளப் புற்றுநோய் முதலான வகைகளில் 42 மாதிரிகளைப் பார்த்தும் உடைப்பு எதுவும் இல்லை. ஆனால் லோபுலர் என்ற வகையில் 7-இல் 4 மாதிரிகளில் இருந்தது. இந்த லோபுலர் வகையிலும் செல்கள் கட்டியாகத் திரளாமல் எறும்புச் சாரி மாதிரி வரிசையாகப் போகும். அதனால்தான் கைக்கும் மேமோகிராமுக்கும் அது எளிதில் அகப்படுவதில்லை. இன்று நோயியல் மருத்துவர்கள் இந்த வகையைப் பிரித்தறிய ஈ-கேட்ஹெரின் சாயத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. பசை போனதால் புற்றுநோய் வந்ததா, புற்றுநோய் வந்ததால் பசை போனதா? வீடு இடிந்து கிடக்கிறது, சுவரில் சுண்ணாம்பு இல்லை. எது முதலில் போனது? இடிந்த வீட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

டவுரங்கா குடும்பம்

இங்கேதான் நியூசிலாந்து வருகிறது. அந்த நாட்டின் வட தீவில் டவுரங்கா என்ற ஊர். அங்கே வாழும் ஒரு பெரிய மாவோரி குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் இரைப்பைப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார்கள். 1964-இலேயே நியூசிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில் இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. முப்பது ஆண்டுகளில் சுமார் 25 பேர். அதில் ஒரு குழந்தைக்கு வயது 14.

வயதானவர்களுக்கு வரும் நோய் சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் ஊர் என்ன பேசும்? நம்ம ஊராக இருந்தால் செய்வினை என்பார்கள், முன்னோர் சாபம் என்பார்கள். அங்கேயும் அப்படித்தான், சாபம் என்று நினைத்தவர்கள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தார்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல், 1990-களின் நடுவில் குடும்பத்தினர் டுனடின் நகரில் உள்ள ஒடாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளை நாடினார்கள். இது எங்கள் ரத்தத்தில் இருக்கிறதா, கண்டுபிடியுங்கள் என்பதுதான் கோரிக்கை.

மாவோரி மரபில் உடலின் எந்தப் பகுதியும் புனிதமானது. ரத்தத்தையும் திசுவையும் அந்நியரிடம் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அதனால் குடும்பமும் விஞ்ஞானிகளும் முதலில் உடன்பாடு செய்துகொண்டார்கள். யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த வயதில் இறந்தார்கள் என்ற வம்சாவளியைக் குடும்பமே திரட்டிக் கொடுத்தது. பாரி கில்ஃபோர்ட் தலைமையிலான குழு அந்த வம்சாவளியையும் ரத்த மாதிரிகளையும் வைத்துக்கொண்டு, நோய் வந்தவர்களிடம் பொதுவாக இருக்கும் மரபணுத் துண்டைத் தேடியது.

16-ஆம் குரோமோசோமில் அது அகப்பட்டது. அங்கே இருந்தது ஈ-கேட்ஹெரின் மரபணு! அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதம் முழுசாக உருவாகாமல் பாதியில் அறுந்துபோனது. 1998 மார்ச்சில் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. கட்டுரை ஆசிரியர் பட்டியலில் விஞ்ஞானிகளோடு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களின் பெயர்களும் இருந்தன. இதைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அவர்கள் "நோயாளி எண் இத்தனை" இல்லை, ஆசிரியர்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், "எது முதலில்" என்ற சந்தேகத்துக்கு இது பதில். இந்தக் குடும்பத்தில் உடைந்த மரபணு பிறக்கும்போதே இருக்கிறது. புற்றுநோய் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வருகிறது. நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று உடைந்து பிறந்தாலும் இன்னொன்று வேலை செய்யும். எப்போதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவதும் முடங்கிவிட்டால் அந்தச் செல்லுக்குப் பசை இல்லை. அங்கே தொடங்குகிறது. அதே 1998 மார்ச்சில், அதே நேச்சர் இதழில், வியன்னாவில் இருந்து இன்னொரு ஆய்வும் வந்தது. எலிகளின் கணையக் கட்டியில் ஈ-கேட்ஹெரினைப் போகவிடாமல் காத்தால், தீங்கற்ற கட்டி பரவும் புற்றாக மாறுவது தடைபட்டது. கோமன் ஊசியால் இழுத்துப் பார்த்து 54 ஆண்டுகள் கழித்து வழக்கு முடிந்தது.

எண்கள் மாறின

வழக்கு முடிந்தது, ஆனால் குடும்பங்களுக்குச் சிக்கல் அப்போதுதான் ஆரம்பித்தது. மரபணுச் சோதனையில் உடைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? சிதறும் வகைப் புற்றுநோய் இரைப்பைப் படலத்துக்கு அடியில் ஒளிந்து வளர்வது. எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்த்தாலும் ஆரம்பத்தில் கண்ணில் படாமல் போகலாம். நிச்சயமான ஒரே வழி, நோய் வருவதற்கு முன்பே இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிடுவது. அப்படி எடுத்த இரைப்பைகளை நறுக்கிப் பார்த்தபோது, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தவர்களிலும் பெரும்பாலானோருக்குக் கடுகைவிடச் சின்னப் புற்றுப் புள்ளிகள் இருந்தன. ஆனால் எல்லாப் புள்ளியும் வளர்ந்து ஆளைக் கொல்லும் நோயாக மாறுவதில்லை.

ஆபத்து எவ்வளவு? 2001-இல் போட்ட கணக்கின்படி 80 வயதுக்குள் நோய் வர ஆண்களுக்கு 67 சதவீதம், பெண்களுக்கு 83 சதவீதம் வாய்ப்பு. 2015-இல் அது 70, 56 என்று ஆனது. 2019-இல் 42, 33 என்று இறங்கியது. மரபணு மாறவில்லை, கணக்கில் சேர்க்கப்பட்ட ஆட்கள் மாறினார்கள். ஆரம்பத்தில் வரிசையாகச் சாவு விழுந்த குடும்பங்களை மட்டும்தான் சோதித்தார்கள், அதனால் எண் பெரிதாகத் தெரிந்தது. நோய் அதிகம் இல்லாத குடும்பங்களும் சேரச் சேர எண் இறங்கியது. இதைப் புள்ளியியல் வகுப்பில் மாதிரித் தேர்வுப் பிழை என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருக்கிறேன். இங்கே அந்த இரண்டு மதிப்பெண்ணை நம்பி ஒருவர் இரைப்பையையே இழக்கிறார்.

பெண்களுக்கு இதோடு லோபுலர் மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் சேர்கிறது. 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், உடைப்பு உறுதியானவர்களுக்கு இரைப்பை நீக்கம் செய்வதற்கு ஏற்ற வயது பொதுவாக 20 முதல் 30 என்று சொல்கிறது. தள்ளிப்போட விரும்புபவர்களுக்குத் தொடர் எண்டோஸ்கோப்பிக் கண்காணிப்பு. 20 முதல் 30! நானும் என் வகுப்பு நண்பர்களும் இருக்கும் வயது. ஒரு வலியும் இல்லாத ஆள், கேன்டீனில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே, "இரைப்பையை எடுத்துவிடலாமா" என்று யோசிக்க வேண்டும்.

பசை எப்போதும் நல்லதா?

"பசை இருந்தால் நல்லது, போனால் கெட்டது" என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. 1965-இல் மான்ட்ரியலில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் இருவரும் பெருங்குடல் புற்றுநோயில் ஒரு பொருள் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அதுதான் சி.இ.ஏ. பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்களே, அதே சி.இ.ஏ. 24 ஆண்டுகள் கழித்து, 1989-இல், அதுவும் செல்களை ஒட்டவைக்கும் ஒரு மூலக்கூறு என்று தெரிந்தது. அதாவது இந்தப் புற்றுநோயில் ஒரு வகைப் பசை குறைவதற்குப் பதில் கூடுகிறது!

மார்பகப் புற்றுநோயிலும் பெரும்பான்மையான நாள வகைக் கட்டிகள் ஈ-கேட்ஹெரினை வைத்துக்கொண்டே பரவுகின்றன. 2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு எலிகளில் இதைச் சோதித்தது. பசையை எடுத்தால் செல்கள் அதிகமாக ஊடுருவின, அதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் பிரிந்து போன செல்கள் வழியிலேயே அதிகமாகச் செத்தன. வேறு இடத்தில் போய்க் குடியேறுவது குறைந்தது. பிரிந்து போகப் பசை தடை, பிழைத்துக் கிடக்கப் பசை துணை. வீட்டை விட்டு ஓடினவனுக்கும் நாலு பேர் கூட இருந்தால்தான் பிழைப்பு போலிருக்கிறது.

ஆகவே எந்தப் புற்றுநோயில், எந்தப் பசை, எந்தக் கட்டத்தில் என்று தனித்தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கடற்பஞ்சைப் பிழிந்தவருக்கும், ஊசியால் இழுத்தவருக்கும், கரைசல் ஏன் வேலை செய்யவில்லை என்று நோண்டினவருக்கும் டவுரங்கா குடும்பத்தைப் பற்றித் தெரியாது. அந்தக் குடும்பத்துக்கும் கேட்ஹெரின் என்ற சொல் தெரியாது. "எங்கள் பிள்ளைகள் ஏன் சாகிறார்கள்" என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். அந்த ஒரு கேள்வியால் இன்று பல நாடுகளில் முன்பின் தெரியாத குடும்பங்கள் சோதனை செய்துகொண்டு, நோய்க்கு முன்னால் முடிவெடுக்க முடிகிறது. முடிவு கஷ்டமானதுதான். ஆனால் 14 வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு சாபம் என்று அழுவதைவிட, கஷ்டமான முடிவு ஒன்று கையில் இருப்பது மேல் இல்லையா?